பிக்கப்பை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். படிவம் 5 மாணவர் ஒருவர் ஆய்வுக்கூட வாசலில் தயங்கி நின்றார். "சார், ஒரு சந்தேகம். ஆனா பாடத்துல இல்ல" என்றார். அவரிடம் ஒரு மின்கிட்டார் இருக்கிறது. மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட் வகை, யாரோ பயன்படுத்தி விற்றது. அதில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் ஒலி காதைக் குத்துகிறதாம். அதைக் கழற்றிவிட்டு 'ஹம்பக்கர்' வகைப் பிக்கப் ஒன்றைப் பொருத்தினால் கதகதப்பான ராக் ஒலி வரும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். விலை நானூறு ரிங்கிட்டுக்கு மேல். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம் முழுவதையும் எடுத்து வைத்திருந்தார். அவருடைய அப்பா லாரி ஓட்டுகிறார். அந்த நானூறு ரிங்கிட் அவர்கள் வீட்டில் சின்னத் தொகை அன்று.

"தம்பி, உன் கேபிள் எத்தனை மீட்டர்?" என்று கேட்டேன்.

கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, பிக்கப்பைப் பற்றி மறுபடியும் விளக்க ஆரம்பித்தார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. நான் கேட்டதற்கும் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதகதப்பான ஒலி வேண்டும் என்பதற்காகப் புதிய பிக்கப் வாங்கப் புறப்படும் மாணவர்களில் பலருக்கு, அது இப்போதைக்குத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை சில ரிங்கிட்டும் ஒரு மாலை நேரமும், இயற்பியல் நூலின் நான்காம் பாடமும்தான்.

பினாங்குக்காரர்களுக்கு மின்கிட்டார் அந்நியப் பொருள் அன்று. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'ஆலிகேட்ஸ்' குழு இந்த ஊரில் தோன்றியதுதான். ஹாங்காங் இரவு விடுதிகள் வரை போய் வாசித்துவிட்டு, திரும்பி வந்து மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் பெற்றார்கள். இன்றும் சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் மாலை வேளையில் நடந்தால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து கிட்டார் ஒலி கேட்கும். கூடவே, "எஸ்.பி.எம். வருது, அத கீழ வை!" என்று ஓர் அம்மாவின் குரலும் கேட்கும். அந்த அம்மாக்களுக்கும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிர்கிறது. காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுக் கம்பியும் சிறிது காந்தமாகிறது. அது அசையும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படும். ஆய்வுக்கூடத்தில் சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் விட்டு எடுத்து, கல்வனோமானியின் முள் இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்தோமே, அதே ஃபாரடே விதிதான். அங்கே நம் கை வினாடிக்கு ஒருமுறை ஆட்டுகிறது. கிட்டாரின் மெல்லிய மேல் கம்பியோ வினாடிக்கு ஏறக்குறைய 330 முறை ஆடுகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்க வேண்டும். பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. எஃகின் அசைவைத்தான் உணர்கிறது. நைலான் கம்பி பூட்டிய கிட்டாருக்கு அடியில் இதே பிக்கப்பை வைத்தால் ஒன்றும் வராது. நம் வீணையிலும் எஃகுக் கம்பிக்கு வேலை செய்யும், வெறும் பித்தளைக் கம்பிக்குச் செய்யாது. அதனால் பல வீணைக் கலைஞர்கள் குடத்தின் அதிர்வைப் பிடிக்கும் தொடுகை ஒலிவாங்கியை நாடினார்கள். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் வேறு வழியில் போனார். ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையின் நீண்ட கமகங்களை வாசித்துக் காட்டினார். கருவியில் எதை மாற்ற வேண்டும் என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. அதற்குத் தன் தேவை என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

சரி, பிரிட்ஜ் பிக்கப் ஏன் காதைக் குத்துகிறது? பெரும்பாலோர் பிக்கப்பின் தரத்தைக் குறை சொல்வார்கள். முதல் குற்றவாளி அதன் இடம்.

ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். பிரிட்ஜ் பிக்கப் கம்பியின் முனையிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டரில் இருக்கிறது. கம்பி முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக ஆடுவது அடிப்படை அதிர்வு. அதோடு இரண்டு வளைவாக, மூன்று வளைவாக ஆடும் மேலதிர்வுகளும் சேர்ந்தே நடக்கின்றன. முனைக்கு அருகில் அடிப்படை அதிர்வு கம்பியை அதிகம் அசைக்காது. எவ்வளவு அசைக்கும்? கூடுதல் கணிதம் படிப்பவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். 180 டிகிரியை 40/648-ஆல் பெருக்கி, அதன் சைன் மதிப்பைப் பாருங்கள். 0.19 வரும். அதாவது, கம்பியின் நடுவில் இருக்கும் வீச்சில் 19 விழுக்காடுதான் அங்கே இருக்கிறது. மூன்றாம் மேலதிர்வுக்கு அதே கோணத்தை மூன்றால் பெருக்குங்கள். 0.55 வருகிறது. அடிப்படை அதிர்வு அடங்கிப்போய், உயர்ந்தவை ஓங்கி நிற்கும் இடம் அது. கழுத்துப் பக்கப் பிக்கப் முனையிலிருந்து சுமார் 160 மில்லிமீட்டரில் இருப்பதால் அங்கே அடிப்படை அதிர்வு 70 விழுக்காடு கிடைக்கிறது. அதனால்தான் அது குண்டாக ஒலிக்கிறது. நாலாம் மேலதிர்வுக்கும் அந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வேடிக்கை தெரியும்.

ஆக, எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப்பை வாங்கினாலும் அந்த இடத்தில் வைத்தால் இந்த 19 விழுக்காடு மாறப்போவதில்லை. கடைக்காரர் இதைச் சொல்வாரா? சொல்லலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஒரு பிக்கப் வாங்கினேன். "இதுதான் அதிக சக்தி உள்ளது" என்று சொல்லி விற்றார்கள். பொருத்திப் பார்த்தால் காதைக் குத்தியது போய்ச் சேற்றுக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. பல மாதம் கழித்துத்தான் ஒரு மூத்த வாசிப்பாளர் என் கருவியை வாங்கிப் பார்த்தார். பழைய பிக்கப்பை ஸ்க்ரூட்ரைவரால் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தாலே போதும் என்றார். அன்று நான் விட்ட பணத்தைப் பற்றி இப்போதும் என் மனைவியிடம் முழுத் தொகையைச் சொன்னதில்லை.

அடுத்தது, கதகதப்பு என்ற சொல். அது வெறும் ரசனைச் சொல், அறிவியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சில இசைக்காரர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரசனை உங்களுடையது, ஆனால் காதுக்கு வருவதை அளக்கலாம்.

பிக்கப் சுருளுக்குத் தூண்டம் என்ற பண்பு உண்டு. அதன் அலகு ஹென்றி. சுருளின் சுற்றுகளுக்கு இடையிலும், கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை போகும் கேபிளின் உள்ளேயும் மின்தேக்கம் உண்டு. தூண்டமும் மின்தேக்கமும் சேர்ந்தால் ஊஞ்சல்போல ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துள்ளும். அதுதான் ஒத்ததிர்வு. அந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிகள் ஓங்கும், அதற்கு மேல் உள்ளவை சரசரவென்று குறையும். சூத்திரம் இது: தூண்டத்தையும் மின்தேக்கத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும்.

சாதாரண ஸ்ட்ராட் வகைச் சுருளின் தூண்டம் ஏறத்தாழ 2.5 ஹென்றி. சுருளுக்குள் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ இன்னொரு 100. மாணவரின் கேபிள் 3 மீட்டர். மொத்தம் 400 பிக்கோஃபாரட். கணக்கிட்டால் 5000 ஹெர்ட்ஸ் வரும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதன் மேல் எல்லையில் ஒரு முகடு நின்று குத்துகிறது. இப்போது அதே கேபிளில் 5 ஹென்றி தூண்டம் கொண்ட ஹம்பக்கரைப் போடுங்கள். முகடு 3600 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. இதைத்தான் கதகதப்பு என்கிறார்கள். நண்பர்கள் சொன்னது பொய் இல்லை.

ஆனால் பழைய பிக்கப்பை அப்படியே விட்டுவிட்டு 10 மீட்டர் கேபிளைச் செருகினால்? மின்தேக்கம் 1100 பிக்கோஃபாரட் ஆகும். முகடு 3000 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். நானூறு ரிங்கிட் ஹம்பக்கரை விடவும் கீழே! நீளக் கேபிள் காலில் சிக்குகிறது என்றால், 680 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சுருளின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தால் அதே பலன். அந்த மின்தேக்கியின் விலை சில்லறைக் காசுதான். அதனால்தான் அந்த மாணவரிடம் கேபிள் நீளத்தைக் கேட்டேன்.

சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். நடுவில் எஃபெக்ட் பெடல் இருந்தால், அதற்கு அப்பால் உள்ள கேபிளின் நீளம் பெரும்பாலும் பிக்கப்பைப் பாதிக்காது. பிறகு, "எதுவுமே மாறலியே சார்" என்று என்னிடம் வருவீர்கள்.

இன்னொரு மலிவான மருந்தும் உண்டு. பழைய முறையில் இணைத்த ஸ்ட்ராட் வகையில் இரண்டு தொனிக் குமிழ்கள் இருக்கும். ஒன்று கழுத்துப் பிக்கப்புக்கு, மற்றது நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கிடையாது! மூன்றிலும் அதிகமாகக் கத்துகிற பிள்ளைக்குத்தான் வாயில் கை வைக்க ஆள் இல்லை. உங்கள் கிட்டாரில் எப்படி என்று பார்ப்பது எளிது. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு தொனிக் குமிழ்களையும் திருப்புங்கள். ஒலி மாறவே இல்லையென்றால், உள்ளே சுவிட்சில் பிரிட்ஜுக்கு உரிய முனை காலியாக இருக்கிறது. அதையும் நடுப் பிக்கப்பின் தொனிக் குமிழ் இணைந்திருக்கும் முனையையும் விரல் நீளக் கம்பி ஒன்றால் இணைத்து ஈயப்பற்று வைத்தால் போதும். குமிழைப் பத்திலிருந்து ஏழுக்குத் திருப்பிக் கேளுங்கள்.

உயரத்தையும் மறக்காதீர்கள். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகுகள் அலங்காரத்துக்கு இல்லை. கடைசி மெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், கம்பிக்கும் காந்தத்துக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இருப்பது நல்ல தொடக்கம். மிக நெருங்கினால் காந்தம் கம்பியையே இழுத்து, சுருதியைக் கெடுக்கும். கொஞ்சம் இறக்கினால் ஒலி அளவு குறையும், கூடவே முரட்டுத்தனமும் குறையும். ஆம்பில் ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் பிக்கப்பை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவரில் ஓடும் மின்கம்பியும் மின்மாற்றியும் வெளியிடும் மாறும் காந்தப்புலத்தை ஒற்றைச் சுருள் அப்படியே பிடித்து 'ம்ம்ம்' என்று முனகும். இதற்கு அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் ஓர் அழகான தீர்வு கண்டார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள்கள். ஒன்றின் மின்சுற்றுத் திசை மற்றதற்கு எதிர். காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தைப் பற்றிக் கவலை இல்லை. அது இரண்டு சுருளிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துவிடுகிறது. கம்பியின் அசைவோ இரண்டு முறை திருப்பப்படுவதால் ஒன்றோடொன்று கூடுகிறது. கழித்தலை ஒன்றுக்கும் கூட்டலை மற்றதற்கும் ஒரே பொருளில் செய்த மூளையை நினைத்துப் பாருங்கள். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஒட்டியோடு வந்த பிக்கப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அக்காலத்தில் சுருள் சுற்றும்போது சுற்றுகளின் எண்ணிக்கை கூடக்குறைய இருந்தது, ஒன்றைப்போல் மற்றது இல்லை. துல்லியக் குறைவையே நாம் இப்போது மந்திரம் என்கிறோம்!

இரண்டாவது காரணம் வலு. ராக் இசையின் கரகரப்பு, ஆம்பைத் தாங்க முடியாத அளவுக்குத் தள்ளுவதால் வருவது. அலையின் தலை வெட்டுப்பட்டுப் புதிய மேலதிர்வுகள் பிறக்கின்றன. சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் கூடும், ஆம்ப் எளிதில் வெட்டும். 1972-இல் லாரி டிமார்சியோ வெளியிட்ட 'சூப்பர் டிஸ்டார்ஷன்' இந்தத் தேவைக்காகவே வந்தது. கருவியோடு வரும் பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறு போடும் வணிகம் அதற்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தது. நீளக் கேபிளால் முகடு இறங்கும், ஆனால் இந்த வலு வராது. இரைச்சலும் போகாது. ஆக, கேபிள் ஹம்பக்கருக்குச் சமம் என்று யாரிடமும் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது காரணம், பிக்கப் செத்துப்போவது. 2017 நவம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுங்கை பினாங் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்து, குளிர்பதனப் பெட்டிகள் மிதந்தன. எங்கள் உறவினர் வீட்டில் கட்டிலுக்கடியில் இருந்த கிட்டார் ஒன்றும் நனைந்தது. காயவைத்து, கம்பி மாற்றினார்கள். பிரிட்ஜ் பிக்கப் மட்டும் மௌனம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஆறாயிரம் ஓம் காட்ட வேண்டிய சுருள் முடிவிலி காட்டியது. எங்கோ அரித்து அறுந்துவிட்டது. அதற்குப் புதுப் பிக்கப்தான் வழி.

இங்கே ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த மல்டிமீட்டரும் ஈயப்பற்றுக் கோலும் எத்தனை மாணவர்களின் கைக்கு வருகின்றன? மின்காந்தத் தூண்டலை வரைபடமாக வரைந்து, வலக்கை விதியை மனனம் செய்து, முழு மதிப்பெண் வாங்குபவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் வீட்டுக் கிட்டாரில் அதே பாடம் குடியிருப்பது தெரியாது. கிட்டார் வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் பாடத்தில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். இந்த இரு கூட்டமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கிட்டாரை வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்லும் ஆசிரியரை ஏளனமாகப் பார்க்கும் காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "கிட்டாரைக் கீழே வை" என்று சொல்லும் அம்மாக்களே, ஒரு வாரம் பொறுங்கள். முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

திறப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேபிளைக் கழற்றிய கிட்டாருக்குள் உங்களைத் தாக்கும் மின்சாரம் எதுவும் இல்லை. ஆனால் ஆம்பைத் திறக்காதீர்கள், குறிப்பாக வால்வு ஆம்பை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஈயப்பற்று வைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், அதற்குப் பிறகுதான் ரொட்டி சானாய்.

அந்த மாணவருக்கு என்ன ஆயிற்று? மறுநாள் பள்ளி மண்டபத்திலிருந்து நீளக் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கினோம். திறன்பேசியில் 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலியின் ஒலி அலைமாலையைத் திறந்து ஆம்பின் முன் வைத்தோம். பழைய கேபிளில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை, ஒரே கம்பியை ஒரே இடத்தில் மீட்டினார். திரையில் உயர் அதிர்வெண் பக்கம் இருந்த கோடுகள் இரண்டாம் முறை குட்டையாகிவிட்டன. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தொனிக் குமிழுக்கு ஒரு கம்பியை இணைத்தோம். முதல் ஈயப்பற்று உருண்டையாகக் குளிர்ந்து உதிர்ந்தது. மூன்றாவது நின்றது. பணம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இரைச்சல் தொல்லை தாங்காவிட்டால் ஹம்பக்கர் வாங்கப்போவதாகச் சொல்கிறார். வாங்கட்டும். இப்போது எதற்கு வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளத்தில் செத்த பிக்கப் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. அதில் சுற்றியுள்ள செப்புக் கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. உயிரோடு இருந்தபோது அதன் மின்தடை 6000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பின் மின்தடைத்திறன் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். கம்பியின் நீளம் என்ன? மூன்றாம் பாடத்தில் உள்ள சூத்திரம் போதும். விடை ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நம்பாத இரண்டு மாணவர்கள் அதைப் பிரித்து அளக்க ஆரம்பித்தார்கள். பதினெட்டாவது மீட்டரில் கம்பி அறுந்தது. மறுபடி முனையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.